ஒன்பதாம் பாகத்தில் ஒரு பென்சில்

மேடையில் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மூத்த நூலகர் ஜீவமணி அவர்களே, அக்காவைப் பறிகொடுத்து நிற்கும் தம்பி இஞ்ஞாசி அவர்களே, மீன் வியாபாரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, சீருடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் வாசகச் செல்வங்களே! கனத்த மனத்தோடு உங்கள் முன் நிற்கிறேன்.

நான் பாண்டித்துரை. நம் கடற்கரைக் கிளை நூலகத்தில், மறைந்த நூலகர் அமலோற்பவம் அவர்களோடு பத்தொன்பது ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன். சிறுவர் பகுதிக்கு வரும் துப்பறியும் தொடர்களில் எதை எந்தப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அம்மையார் அவர்! அட்டையிலேயே வயது போட்டிருக்கிறதே, அது போதாதா என்று கேட்பேன். "அச்சடிச்சவருக்கு நம்ம பிள்ளையளத் தெரியுமா அண்ணாச்சி?" என்பார்.

ஆனால் அவரும் ஒரு காலத்தில் முதல் பாகத்தை மட்டும் படித்துவிட்டுத் தொடர் முழுவதையும் அலமாரியில் அடுக்கியவர்தான். அந்தத் தவறை நான் இங்கே மறைக்கமாட்டேன். மறைத்தால் அவருக்கே பிடிக்காது.

அப்போது அனுஜாவுக்கு ஒன்பது வயது. அவள் எடுத்துப்போன தொடரில் முதல் மூன்று பாகங்கள் சிரிப்பும் கும்மாளமுமாகப் போகும். நான்காம் பாகத்தில், துப்பறியும் சிறுவனுடைய அப்பாவின் படகு மட்டும் ஆளில்லாமல் கரை ஒதுங்கும். அனுஜாவின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் அப்போது எட்டு மாதம்! அந்தப் பிள்ளை புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டது: "அஞ்சாவதுல அவங்கப்பா வந்துருவாரா மேடம்?"

ஐந்தாம் பாகத்தை அவர் படித்திருக்கவில்லையே! "ஏளா, எனக்கே தெரியலயே. வாசிச்சிட்டுச் சொல்லுதேன்" என்றார். மீதி ஐந்து பாகங்களையும் அன்றே வீட்டுக்குத் தூக்கிப்போனார். மூன்றாம் நாள் அனுஜாவின் வீட்டுக்குப் போய், அவள் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவரு வரமாட்டாருளா. ஆனா அந்தப் பையன் கடைசி வரைக்கும் நல்லா இருக்கான்." அனுஜா அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அப்ப மிச்சத்தையும் தாங்க" என்றாள்.

அன்றிலிருந்து, கடைசிப் பாகத்தை அவர் படித்து முடிக்காமல் எந்தத் தொடரின் முதல் பாகமும் அலமாரி ஏறியதில்லை. பின்னட்டையின் உட்புறம் பென்சிலால் எழுதிவைப்பார். "பேய் வேஷம்தான், ரத்தம் இல்லை. எட்டு வயதுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்." "ஆறாவதில் நாய் செத்துப்போகும். வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கவும்."

நானோ பொறுமை இல்லாதவன். "திருடன் யாருன்னு மட்டும் சொல்லிருங்க மேடம்" என்று கெஞ்சுவேன். ஒரு தடவையாவது சொன்னாரா? "வாசிச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்று சிரிப்பார், அவ்வளவுதான்! அந்தச் சிரிப்பை இனி எங்கே போய்க் கேட்பேன்? காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கண் அவர் மேசைக்குத்தான் போகிறது. மூக்குக்கண்ணாடிக் கூடு வைத்த இடத்திலேயே இருக்கிறது. அவர் வந்து உட்காரமாட்டாரா என்று ஏங்குகிறேன்.

போன மாதம் பன்னிரண்டு பாகத் தொடர் ஒன்று வந்தது. எட்டுப் பாகங்களில் அவர் கையெழுத்து இருக்கிறது. ஒன்பதாம் பாகத்தின் நடுவில் அவருடைய பென்சில் இருக்கிறது. "எப்ப சார் தருவீங்க?" என்று பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். அப்படியே எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நாள் நினைத்தேன். கை வரவில்லை.

செல்வங்களே, கொஞ்சம் பொறுங்கள்! மீதியை நான் படிக்கிறேன். இன்று செவிலியராக இருக்கும் அனுஜா, ஞாயிறுதோறும் வந்து என்னோடு படிப்பதாகச் சொல்லியிருக்கிறார். உங்களில் யார் எதற்குக் கலங்குவீர்கள் என்று கேட்டு, அதே பென்சிலால் எழுதிவைப்போம். இது இந்தச் சபையறிய நான் கொடுக்கும் வாக்கு!

நவம்பரில் கல்லறைத் திருநாள் வருவதற்குள் பன்னிரண்டையும் முடித்துவிடுவேன். மெழுகுவர்த்தியோடு உங்களைப் பார்க்க வருவேன், மேடம். இந்த ஒரு தொடரின் முடிவு எனக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் கேட்காவிட்டாலும், திருடன் யாரென்று நான் சொல்லிவிடுவேன்.