பத்தாவது பக்கம்

உங்கள் காவல் நிலையக் காபி பரவாயில்லை. எங்கள் நகராட்சியில் கொடுப்பது கழுநீர். அதைக் குடித்தும் ஆவணப் பிரிவில் ஓய்வு வயதை நெருங்கிவிட்டேன் என்றால், நான் சாதாரண ஆள் இல்லை.

என் மேல் புகார் கொடுத்திருக்கும் சிக்னே நல்ல மனுஷி. சுவீடனில் சட்டம் தெரியுமே: அரசுக் காகிதத்தை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும், யார், எதற்கு என்று கேட்கக் கூடாது. ஒன்பது பக்க நகல் வரை இலவசம். பத்தாவது சேர்ந்தால் ஐம்பது குரோனா. சிக்னே தன் ஊர்ப் பழைய மர ஆலையின் கோப்பைத் தினமும் ஒன்பது ஒன்பதாக வாங்குவார். அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், காசில்லை. ஆனால் படுக்கையில் கிடக்கும் கணவர் ஹோகனுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

“மொத்தமா வாங்கிட்டுப் போயேன் சிக்னே. தினம் நெலவறைக்கு எறங்கி என் முழங்கால் தேயுது.”

“அம்பது குரோனாவுக்கு ஏலக்கா பன் வாங்கி உன் வாயை அடைப்பேன் ரூனே. ஒம்பதை எடு.”

அலுவலகமே சிரித்தது. நானும்தான்.

கோப்பில் ஒரு தாள் இருந்தது. ஆலையடிக் கிணறுகளின் பரிசோதனை முடிவு. ஆர்சனிக், ஆலையில் மரத்துக்குப் பூசிய விஷம். பட்டியலில் முதலில் சிக்னே வீட்டுக் கிணறு. அதை நான் ஒளிக்கவில்லை, ஒளித்தால் குற்றம். அன்றைய ஒன்பதுக்கு அடுத்ததாக வைத்தேன், அவ்வளவுதான். மறுநாள் மறுபடியும் அடுத்ததாக. ஒரே ஒரு முறை அந்த அம்மாள் காசு கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை.

ஹோகன் எப்படி என்று விசாரிப்பேன். எனக்கு இளகிய மனசு.

“டாக்டர் நெறைய தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காருப்பா. நாந்தான் ஊட்டுறேன்.”

“இன்னைக்குப் பத்தா எடுத்துக்கயேன்.”

“போடா, கொள்ளைக்காரா.”

இதற்குமேல் ஓர் அரசு ஊழியன் என்ன சொல்ல முடியும்? கிணறு என்று வாயைத் திறந்தால், அவர் எதற்குக் கேட்கிறார் என்று நான் யோசித்ததாக ஆகிவிடாதா?

ஹோகனை அடக்கம் செய்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தத் தாளை நானே தபாலில் அனுப்பினேன். ஒரு பக்கம்தானே, கட்டணம் வாங்கவில்லை.