பதினொரு ‘பூ’

மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை. நகரத்தின் புதிய நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்க அன்று மாலை ஐந்து மணி கடைசி. ஏழாவது வார்டு அலுவலக அறிவிப்புப் பலகையில் தொங்கிய அந்த வரைபடத்தில், மூன்றாம் குறுக்குச் சந்தின் பதினொரு வீடுகளும் பச்சை நிறத்தில் இருந்தன. பச்சை என்றால் பூங்கா.

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, அந்தச் சந்தின் முதல் வீட்டுத் தையல் கடை மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, நகரமைப்பு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள். போன கோடையில் அந்தச் சந்தின் வீடுகளைக் கணக்கெடுத்தவள் அவள்தான்.

“ஹலோ... ஹலோ, படம் வரையுற அண்ணனா?... நான்தாண்ணே, போன வருஷம் சர்வேக்கு வந்த பொண்ணு... ஆமா, ஆமா, ஃபாரத்தை மழையில நனைச்சிட்டு வந்தவ... அதை இன்னும் மறக்கலையா நீங்க... அதை விடுங்கண்ணே. ஏழாவது வார்டு, மூணாம் குறுக்குச் சந்து. என் ஃபாரத்தை எடுக்க முடியுமா?... நாளைக்கு இல்லண்ணே. இப்போ... இருக்கேன், லைன்லயே இருக்கேன்.”

இரும்பு அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. தையற்காரம்மா மெஷினை ஓட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார்.

“எடுத்துட்டீங்களா? கடைசிக் கட்டத்துல என்ன இருக்கு?... ஆமா, ‘பூ’. பதினொண்ணுலயும் ‘பூ’... அண்ணே, அது பூங்கா இல்ல. பூட்டு. வீடு பூட்டியிருந்துச்சு. காலையில பதினோரு மணிக்குப் போனேன், எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க, இந்தத் தையல் கடைகூட அப்ப கிடையாது. கட்டம் சின்னதா இருந்துச்சா, சுருக்கி எழுதிட்டேன்... என்ன பட்டியல்?... பின்பக்கத்துலயா?... நான் திருப்பிப் பாக்கலண்ணே.”

தன்னிடமிருந்த நகலை இப்போது திருப்பினாள். கு, குடியிருப்பு. க, கடை. பூ, பூங்கா. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், வீடு பூட்டியிருந்தால் இன்னொரு நாள் போய்ப் பார்க்கவும் என்று அச்சாகியிருந்தது.

“பாத்துட்டேன்... ஆமா, தப்பு என்னோடதுதான். இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்குறேன். பக்கத்துலயே கதவு நம்பர் எழுதியிருக்கேன்ல? ஒண்ணுலேருந்து பதினொண்ணு வரைக்கும்? பூங்காவுக்கு எங்கயாவது கதவு நம்பர் இருக்குமாண்ணே?... சரி, சரி. உங்ககிட்ட குடுத்ததை வரைஞ்சீங்க. கோவிச்சுக்காதீங்க... இங்க யாரும் சிரிக்கிற நிலைமையில இல்லண்ணே. தையல்கார அக்கா மாடியில ஒரு ரூம் கட்ட அனுமதி கேட்டுப் போனாங்க. பூங்காவுல எப்படிம்மா ரூம் கட்டுவீங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பதான் விஷயமே வெளிய வந்துச்சு... இந்தப் படம் முடிவாயிட்டா கூரை ஒழுகினாக்கூட இவங்க கை வைக்க முடியாது. ஒரு நாள் வந்து காலி பண்ணுன்னா பண்ணணும். உங்களுக்குத் தெரியாததா... யாரு? திட்ட அதிகாரி சாரா? அண்ணே, கொஞ்சம் இருங்க, அவர்கிட்ட இப்பவே குடுக்காதீங்க...”

அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

“வணக்கம் சார்... ஆமாம் சார்... ஆமா, நான் எடுத்த சர்வேதான்... ஆட்சேப மனுவுல கையெழுத்து வாங்கியாச்சு சார். வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே அக்கா வீடு வீடா ஏறி வாங்கிட்டாங்க. பத்து பேர்... பதினொண்ணு இல்ல சார், பத்து. கடைசி வீடு நர்ஸம்மா. ரெண்டு நாளா ஆஸ்பத்திரியிலயே டியூட்டி, போனை எடுக்கல... ம்... ம்... அது மட்டும் போதாதா?”

பேனாவைக் கீழே வைத்தாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க சார்... அவங்க மனு ஒரு பக்கம், என் சர்வே ஒரு பக்கம்னா சர்வேதான் நிக்கும். சர்வே தப்புன்னு எடுத்தவங்களே எழுதித் தரணும்... தந்தா?... காலேஜுக்கும் ஒரு நகல் போகும். களப்பணி மார்க் போயிடும்... தெரியும் சார், ஒரு வருஷம்... இல்ல, யாரும் என்னை மிரட்டல. அக்கா டீ குடுத்தாங்க, அவ்வளவுதான்... என்ன சொல்றீங்க?... நான் வாயைத் திறக்கலைன்னா யாருக்கும் தெரியாதா?”

தையல் மெஷின் நின்றது.

“நீங்க தைங்கக்கா. ஒண்ணும் இல்ல... ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல. அப்படிப் பாக்காதீங்க... சார், இருக்கேன். வகுப்புல கலர் மாறிப் போச்சுன்னா ரப்பரை எடுத்து அழிச்சிடுவோம். இங்க ரப்பர் நான்தான்னா சரி. என்ன எழுதணும்னு சொல்லுங்க... ‘மேற்படி சந்தில்’... எழுதிட்டேன்... ‘எனது கவனக்குறைவால்’... அந்த வார்த்தை வேணுமா?... சரி. போட்டுட்டேன். கதவு எண் ஒன்று முதல் பதினொன்று வரை... பத்து வரைக்கும்தானா? ஏன்?... குடியிருக்கிறவங்க கையெழுத்து இல்லாத வீட்டைச் சேர்க்கக் கூடாதா? அது எப்படி சார், பதினொண்ணுலயும் ஒரே தப்பு, ஒரே கை... வீடு இருக்கு சார். எதுத்தாப்புல நிக்குது. ஜன்னல்ல துணி காயுது. பூங்காவுல யாரு துணி காயப் போடுவாங்க?”

மணி நான்கு இருபத்தெட்டு. திட்ட அலுவலகம் இருசக்கர வண்டியில் பதினைந்து நிமிடத் தொலைவு.

“நர்ஸம்மா ஆறு மணிக்கு வந்துடுவாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. ஒரு மணி நேரம் மட்டும்... சரி, அந்த ஒரு கையெழுத்தைத் திங்கக்கிழமை காலையில, நீங்க வர்றதுக்கு முன்னாடியே... புரியுது சார். அஞ்சு மணிக்கு மூடிடுவீங்க. புரியுது... சார், பூட்டியிருக்குன்னு நான் திரும்பி வராததாலதானே இவ்வளவும் ஆச்சு? இன்னைக்கும் அந்த வீடு பூட்டியிருக்குன்னு விட்டுட்டு வரச் சொல்றீங்களா?... ஹலோ... சார்?... அண்ணே, நீங்களாவது இருக்கீங்களா?... ஹலோ...”

இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. தையற்காரம்மா கடையைச் சாத்திவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

மனு நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பதிவானது. பதிவு எண் இருநூற்றுப் பன்னிரண்டு. களப்பணித் தாளை மாணவி அடுத்த ஆண்டு மீண்டும் செய்ய வேண்டும் என்று கல்லூரி கடிதம் அனுப்பியது. ஜூன் மாதம் வெளியான இறுதி வரைபடத்தில், மூன்றாம் குறுக்குச் சந்தின் பத்து வீடுகள் குடியிருப்புக்கு உரிய மஞ்சள் நிறத்தில் இருந்தன. கதவு எண் பதினொன்று, பூங்கா.