அக்காவுக்குச் சீனி இனித்தது

சிறுகுறிஞ்சா வேலியில் தானாகப் படரும் கொடி, ஐயா. தண்ணீர்கூட ஊற்றத் தேவையில்லை. அதன் இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மண்ணைப் போட்டதுபோல இருக்கும். கண்டாவளையில் இதைத் தெரியாத ஆள் இல்லை.

நான் பிரதாபன், அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அந்த இலையைக் காயவைத்துத் தூளாக்கி நீரிழிவுக்காரர் சிலருக்குக் கொடுத்தேன். அவர்களுக்கு இரத்தத்தில் சீனி குறைந்தது. அதைக் கொழும்பில் ஒரு கூட்டத்தில் வாசித்தேன். ஒரு இளம் டொக்டர் எழும்பி, "மாஸ்டர், அவை மாத்திரையும் போட்டவைதானே? எது குறைச்சதெண்டு எப்பிடிச் சொல்லுவியள்?" என்றார். மண்டபமே சிரித்தது.

அவர் கேட்டதில் பிழையில்லை. சிரித்ததுதான் பிழை. திரும்பி வரும்போது கனகராயன்குளத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். வாங்கிய தேத்தண்ணியைக் குடிக்காமல் நிலத்தில் ஊற்றிவிட்டு ஏறினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த டொக்டர் கேட்டதற்கு விடை காட்ட ஒரு பரிசோதனை செய்தேன். சம்மதித்து வந்தவர்களை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பகுதிக்குக் குறிஞ்சாத் தூள். மற்றப் பகுதிக்கு வெறும் பசளிக் கீரைத் தூள், நீரிழிவுக்கு ஒன்றும் செய்யாதது. எல்லோருக்கும் குறிஞ்சா என்றே சொன்னேன். எல்லோருடைய மாத்திரையையும் ஊசியையும் நிறுத்தினேன். ஆட்களை நான் தெரிவுசெய்யவில்லை, சீட்டுக் குலுக்கினோம். என் அக்கா அருந்ததி தன் சீட்டைத் தன் கையாலேயே எடுத்தா. அவாவுக்குப் பசளி விழுந்தது. அவா இன்சுலின் போடுகிற ஆள்.

சில நாளில் அக்கா என்னைத் தேடி வந்தா.

"தம்பி, என்னோடை சீட்டெடுத்த பேச்சியம்மாவுக்குத் தூளைக் குடிச்சாப் பிறகு சீனி மண் மாதிரி இருக்காம். எனக்கு இனிக்குதடா."

"ஆளுக்கு ஆள் நாக்கு வேறை, அக்கா."

"தண்ணி விடாயும் அடங்குதில்லை. ஊசியைப் போடட்டே?"

"போட்டா எல்லாம் வீணாப் போயிடும்."

அக்கா செம்பை எடுத்து மறுபடியும் தண்ணீர் குடித்தா. பிறகு, "ஓம், அப்ப வேண்டாம். உன்னைப் பாத்துச் சிரிச்ச ஆக்களுக்கு நீ காட்டத்தான் வேணும்" என்றா. அவாவுக்கும் என்னளவு கோபம் இருந்தது. ஆனாலும் மனம் மாறக்கூடும் என்று, அவாவின் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த இன்சுலினை நான் எடுத்துவந்தேன்.

பிறகு அக்கா சாப்பிட்டதையெல்லாம் சத்தியெடுக்கத் தொடங்கினா. மூச்சில் பழுத்த பழ மணம். இன்சுலின் இல்லாமல் இரத்தம் நஞ்சாகிறது என்று அந்த மணம் சொல்வது எனக்குத் தெரியும். அவாவின் மகள் லக்சிகா, "மாமா, அம்புலன்சுக்குப் போன் அடியுங்கோ" என்று அழுதாள். "நாளைக்குப் பாப்பம்" என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அக்காவின் மூச்சு நின்றது.

சொந்த அக்காவுக்காவது நல்ல தூளை மாற்றிக் கொடுத்திருக்கலாமே என்று ஊரில் கேட்கிறார்கள். அதுதான் எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. மாற்றியிருந்தால் அந்த மண்டபம் மறுபடியும் சிரித்திருக்கும். நான் நேர்மையாக நடந்தேன். குறிஞ்சாத் தூள் குடித்த பேச்சியம்மாவுக்கும் இரத்தத்தில் சீனி ஏறித்தான் இருந்தது, உண்மை. அவா சோற்றைக் குறைக்கவில்லை. இலையில் குற்றமில்லை.

ஓம், ஐயா, வெறும் பசளி என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஊசியை எடுத்ததும் நான்தான். சாகவிட்டதும் நான்தான். எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

எனக்கும் நீரிழிவு இருக்கிறது. பிடித்துவந்தபோது என் சட்டைப் பையிலிருந்த மாத்திரைகளை எடுத்துவிட்டீர்கள். அவற்றைத் தாருங்கள். சாப்பாட்டு நேரமாகிறது, வேளை தவறக்கூடாது.