நூற்றுப் பதினேழாவது முடிச்சு

அன்று பிற்பகல் அருங்காட்சியகக் கிடங்கில் இருந்தவர்கள்: நான், துணிகளைப் பராமரிப்பவன். பதிவாளர் அம்மா. வாசலில் காவலாளி, அவரை நாங்கள் அரைக்கண் என்போம். துணிக்குச் சொந்தக்காரக் குடும்பத்திலிருந்து ஒரு பெண். வேறு யாரும் இல்லை.

நீங்கள் கொடுத்த டீ நன்றாக இருந்தது. இரண்டு கோப்பை குடித்தேன். பதட்டமாக இருப்பவன் இரண்டு கோப்பை குடிக்க மாட்டான் என்பதற்காகச் சொல்கிறேன்.

பூச்சி அறையைப் பற்றிக் கேட்டீர்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அருங்காட்சியகத்துக்குள் வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு துணியும் அதில் மூன்று வாரம் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்புவோம். அந்துப்பூச்சியும் அதன் முட்டையும் செத்துவிடும். நூலுக்கு ஒன்றும் ஆகாது. மருந்து வாடையும் இருக்காது. இருப்பதிலேயே நாகரிகமான முறை அதுதான்.

உள்ளே போகிறவர் தன் பித்தளை வில்லையைக் கதவருகே இருக்கும் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். கொக்கி காலி என்றால் அறையும் காலி. பார்க்க வருகிறவர்களுக்கு வில்லை கிடையாது, ஏனென்றால் அவர்கள் உள்ளே போவதே இல்லை. பத்தொன்பது வருடமாக இந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான். மூன்றேகாலுக்குப் பதிவாளர் வந்தபோது கதவு பூட்டியிருந்தது, கொக்கி காலி. அறை காலி என்று கையெழுத்துப் போட்டார், காற்றை வெளியேற்றும் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. விதி கேட்டதை அவர் செய்தார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி துணி. எட்டு முழ நீளம், கருநீலம். அந்தக் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தால் அதில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. செத்தாலும், ஓடிப்போனாலும், சண்டை போட்டுப் பிரிந்தாலும் முடிச்சைப் பிரிப்பதில்லை. எப்போதோ யாரோ எடுத்துவந்து எங்களிடம் சேர்த்துவிட்டார்கள். என் கைக்கு வந்தபோது அது சல்லடை மாதிரி இருந்தது. வெளிச்சம் படாமல், ஈரம் படாமல், மூச்சுக்காற்றுகூடப் படாமல் வைத்துக் காப்பாற்றினேன். என் மனைவி ஒருமுறை சொன்னாள், "எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை எங்கேன்னு தேடுறீங்க. அதுக்கு ஒரு இழை பிரிஞ்சா லீவு போடுறீங்க." பிறகு அவள் போய்விட்டாள். குழந்தை இல்லாத வீட்டைப் பிரிப்பது சுலபம்.

துணியை அந்தக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுப்பது என்று அருங்காட்சியகக் குழு முடிவு செய்தது. நான் எதிர்த்து எழுதினேன். அவர்கள் அதில் மறுபடியும் ஊசி குத்துவார்கள் என்று எழுதினேன். ஒவ்வொரு முடிச்சும் நாலு துளை. குழுத் தலைவர் சிரித்தார். "அது அவங்க துணிய்யா. அவங்க குத்தட்டும்."

பூச்சி அறைக்குப் போகும் முன் சரிபார்த்துக்கொள்ள அந்தப் பெண்ணை வரச்சொல்லியிருந்தோம். நாற்பது வயதிருக்கும். பேருந்து ஓட்டுநர். வந்ததும் கையைக் கழுவிவிட்டு எனக்கு விரித்துக் காட்டினாள். "போதுமா சார், இல்ல இன்னொரு தடவை தேய்க்கணுமா? உங்க முகத்தைப் பார்த்தா எனக்கே என் கை மேல சந்தேகம் வருது."

துணியை அறைக்குள் மேசையில் விரித்தாயிற்று. அவள் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். தொட்டு எண்ண வேண்டும் என்றாள். பதிவாளர் மேலே இருந்தார். உள்ளே விட்டேன். தயவாகத்தான் விட்டேன்.

விரலால் தடவிக்கொண்டே பெயர்களைச் சொன்னாள். எழுதிவைத்த பட்டியல் எதுவும் இல்லை, எல்லாம் வாயில் இருந்தது. "இவரு எங்க பெரிய தாத்தா, சரியான கஞ்சன். இவ மூணாம் நாளே போயிட்டா, பேரு வைக்கல, ஆனாலும் இருக்கா. இது நான். கோணலா இருக்குல்ல? எங்க அத்தைக்குக் கண்ணு தெரியாது." நூற்றுப் பதினாறில் அவள் பெயர்கள் முடிந்தன. விரல் முடியவில்லை. இன்னொரு முடிச்சில் நின்றது.

"இது யாரு சார்?"

அவள் குனிந்து மூக்கு படும் அளவுக்குப் பார்த்தாள்.

"இது மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கு. இடது கைக்காரன் போட்டது." பிறகு என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள்.

எட்டு வருடத்துக்கு முன், ஓரத்தை ஒட்டுப்போடும்போது நான் போட்டது. ஏன் என்று கேட்காதீர்கள், யோசித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. பழம்பொருளோடு நம் கையால் ஒன்றைச் சேர்ப்பது. ஒரு உதவியாளன் ஒரு பானையின் உடைந்த விளிம்பில் வண்ணம் தொட்டான் என்பதற்காக நானே அவனை வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறேன். அழுதான். அனுப்பினேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சரி விடுங்க. போட்ட முடிச்சைப் பிரிக்கிறது எங்க வழக்கமில்ல. வந்தவரு வந்தவருதான். வயசுல பெரியவரா இருக்கீங்க, எனக்கு அண்ணன் முறை." அதற்குமேல் அவள் என்னை சார் என்று கூப்பிடவில்லை. "நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன் பாருங்கண்ணே. மியூசியத்துல எங்களுக்கு ஒரு அண்ணன் சும்மா கிடந்தாருன்னு. உங்க பெரியவங்ககிட்டயும் சொல்லணும்."

"வேண்டாம்மா."

"ஏன்? இதுல வெட்கம் என்ன?"

கைப்பையிலிருந்து ஊசியையும் சிவப்பு நூலையும் எடுத்தாள். அவள் அண்ணனுக்குப் பெண் பிறந்து பதினொரு மாதமாம். மூன்று வாரம் காத்திருக்க முடியாது, இப்போதே போட்டுவிடுகிறேன் என்றாள். அனுமதி கேட்கவில்லை. எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அங்கேதான் ஊசியை வைத்தாள்.

நான் துணியைக் காப்பாற்றினேன். இதை நீங்கள் எப்படி எழுதிக்கொண்டாலும் சரி. அந்த ஊசியை யாராவது நிறுத்தியாக வேண்டும்.

சத்தம் கேட்டதா என்று நேற்றுக் கேட்டீர்கள். பதிவாளருக்குக் கேட்டிருக்காது, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டது. நான்கு மணி தாண்டியும் கேட்டது, பிறகு இல்லை. அவள் வெளியே போனதாகப் பதிவேட்டில் இருப்பது அரைக்கண்ணின் வேலை. ஐந்து மணிக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே நேரத்தைப் போட்டுவிடுவார். மறுநாள் அவள் அண்ணன் குழந்தையோடு வந்து வாசலில் நின்றபோது, பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அவனுக்குக் காட்டியது நான்தான். நீங்கள் அறையைத் திறந்தபோது துணி விரித்தபடியே கலையாமல் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அவள் அதை இழுக்கவில்லை, போர்த்திக்கொள்ளவும் இல்லை. புது முடிச்சும் முழுதாக இருந்தது. நன்றாகவே போட்டிருந்தாள்.

மற்றபடி நடந்தது அரை நிமிடம். பெரிய விளக்கைக் கொண்டுவருகிறேன் என்று வெளியே வந்தேன். என் வில்லையைக் கொக்கியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். அவள் தலை நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்தபடியே, "கதவைச் சாத்திராதீங்கண்ணே, நிழல் விழுது" என்றாள். சாத்தினேன். சாவியை இரண்டு சுற்றுத் திருப்பினேன்.