எலி வராத தோட்டம்

பறவைகளுக்குத் தீனி வைப்பவர்கள் கம்பத்தில் கிரீஸ் தடவக் கூடாது. எலி வழுக்கி விழட்டும் என்று பலர் தடவுகிறார்கள், விழுவதும் உண்மைதான். ஆனால் அந்தப் பிசுக்கு ஒரு குருவியின் இறக்கையில் ஒட்டிக்கொண்டால் அதனால் சுத்தம் செய்துகொள்ள முடியாது, பறக்கவும் முடியாது. நான் ஒரு நாளும் தடவியதில்லை. என்னைப் பற்றி நீங்கள் எழுதிக்கொள்வதில் இதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

என் பெயர் மஹாதேவன். பிறந்ததே கல்கத்தாவில்தான். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் கீழ் வீடு என்னுடையது. பின்னால் ஒரு கொய்யாமரமும் துணி துவைக்கிற கல்லுமாகச் சின்னத் தோட்டம் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு பகல் பொழுது மிகவும் நீளமாக இருந்தது. ஒரு கம்பத்தை நட்டு, மேலே தட்டு வைத்து, கம்பும் தினையும் போட்டேன். ஓரத்தில் வாழைப்பழத் துண்டு. முதலில் சிட்டுக்குருவி வந்தது, பிறகு புல்புல். வீட்டுக்கு யாராவது வந்து வெகு நாளாகியிருந்ததால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எலிகளும் வந்தன. விஷம் வையுங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். விஷம் தின்ற எலியை ஆந்தை தின்னும், பூனை தின்னும். அந்தப் பாவம் நமக்கு எதற்கு? கம்பத்தின் நடுவில் ஒரு பழைய தாம்பாளத்தைக் கவிழ்த்துப் பொருத்தினேன். ஏறி வருகிற எலியால் அதைத் தாண்ட முடியாது. தாவ முடியாதபடி கம்பத்தை மரத்திலிருந்து தள்ளி நட்டேன். சிந்திய தானியத்தைப் பெருக்கினேன், சாயங்காலம் தட்டை உள்ளே எடுத்து வைத்தேன், சாக்கடையோரப் பொந்துகளைக் கண்ணாடித் துண்டும் சிமென்டும் போட்டு அடைத்தேன். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் தோட்டம் சுத்தமாகிவிட்டது. பொறுமை இருந்தால் எதையும் கொல்லாமலே காரியம் நடக்கும் என்பது என் அனுபவம்.

பிறகு அக்கா வந்தாள்.

அன்னபூரணி என் ஒரே அக்கா. அத்திம்பேர் காலமான பிறகு அவளுடைய மகன் ரஞ்சன் நியூ டவுனில் தன் ஃப்ளாட்டுக்கு அவளை அழைத்துப் போனான். உயரமான மாடி. புறாத் தொல்லைக்காக பால்கனி முழுக்க வலை அடித்திருந்தார்கள், காக்கைக்குச் சாதம் வைக்க இடமில்லை. காக்கை எடுக்காமல் அக்கா சாப்பிட மாட்டாள். எங்கள் மனிதர்கள் திவசத்தன்று காக்கை பிண்டத்தை எடுத்த பிறகுதான் இலை போடுவார்கள். அக்காவுக்கு எல்லா நாளும் அப்படித்தான். காக்கையாக வருவது அத்திம்பேர் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. சீக்கிரமே ரஞ்சன் அவளை என்னிடம் கொண்டுவந்து விட்டான். "உங்க ஆத்துலதான் மாமா தோட்டம் இருக்கு. அம்மா வேளாவேளைக்குச் சாப்ட்டாப் போறும் எனக்கு" என்றான்.

காலையில் குளித்துவிட்டு, பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்த சாதத்தைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துக் கூப்பிடுவாள். காக்கைகள் பாதியைத் தின்னும், மீதியை இறைக்கும். இறைந்தது கல்லுக்குப் பின்னால் நாள் முழுக்கக் கிடக்கும். என்னைத் தொட விடமாட்டாள். "அத்திம்பேர் ஆற அமரச் சாப்பிடறவர்டா. அவசரப்பட்டு எடுத்துடாதே" என்பாள். அத்திம்பேர் எழுந்த பிறகு அடுத்த பந்தியில் பெருச்சாளிகள் உட்கார்ந்தன.

சித்திரையில் பின்சுவர் ஓட்டையில் ஒரு தோயேல் கூடு கட்டியிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக வாலைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அந்தப் பறவை. குஞ்சுகளின் குரலைக் கேட்டுக்கொண்டுதான் நான் காபி குடிப்பேன். ஒரு காலையில் குரல் இல்லை. ஓட்டையின் வாயில் குஞ்சு இறகு கொஞ்சம் ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

"ஐயோ பாவமே. நாளைலேர்ந்து சாதம் கொஞ்சம் கூடவே வைக்கறேன். வயிறு ரொம்பினா எலி குஞ்சைத் தொடாது" என்றாள்.

அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. யோசித்துத்தான் பார்த்தேன். எலி வருவது சாதத்துக்கு. சாதம் வருவது காக்கைக்கு. காக்கை வராவிட்டால் அவளுக்கே அலுத்துப்போய்ச் சாதம் வைப்பதை நிறுத்திவிடுவாள். கேட்கும் யாருக்கும் இது நியாயமாகத்தான் படும்.

மின்கம்பியில் அடிபட்டு ஒரு காக்கை சந்தில் விழுந்து கிடந்தது. அதைக் கொண்டுவந்து, காலில் சணல் கட்டி, பின்கொட்டகைக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, அவ்வளவு தூரம் தெரியாது. அன்று அக்கம்பக்கத்துக் காக்கைகள் எல்லாம் கூடிக் கத்து கத்தென்று கத்தின. "இன்னிக்கு என்னடா இத்தனை பேர் வந்திருக்கா" என்று அக்கா சிரித்தாள். மறுநாளிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. சின்னப் பறவைகள் அதைப் பொருட்படுத்தவில்லை, வழக்கம்போல வந்தன.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை, அது உள்ளே போனால் அரைமணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். டாக்டர் இதை அவளிடம் ஒரு தரமும், அவளுக்கு மறந்துபோகும் என்று என்னிடம் தனியாக ஒரு தரமும் சொல்லியிருந்தார். மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. காக்கை வராத முதல் நாள், மாத்திரை போட்டுக்கொண்டு பின்கட்டு வாசலில் நாற்காலியில் காத்திருந்தவளுக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது. பேச்சு குழறியது. மாடி வீட்டு சுப்ரியா துணி உலர்த்த வந்தவள் பார்த்துவிட்டு ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள்.

"காகு, மாஷிமா காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையா? சாப்பாடு போடலைன்னா மாத்திரை குடுக்காதீங்க. உயிருக்கே ஆபத்து" என்று வங்காளத்தில் என்னைக் கோபித்துக்கொண்டாள்.

தெரியும் என்றேன். பிறகு அக்காவின் காதருகே, "காக்கா எடுத்தாச்சுக்கா" என்று சொன்னேன். உடனே சாப்பிட்டாள். அடுத்து வந்த நாட்களிலும் அப்படியே சொன்னேன், அவளும் சாப்பிட்டாள். ஆனால் காக்கை வருகிறது என்று நினைத்துக்கொண்டு சாதம் வைப்பதை அவள் நிறுத்தவில்லை. இப்போது அதைத் தின்னக் காக்கையும் இல்லை, அத்தனையும் எலிக்குத்தான். அவளுக்குத் தெரியாமல் பெருக்கித் தள்ளியிருக்கலாமே என்பீர்கள். தள்ளியிருக்கலாம்.

சுப்ரியா பெஹாலாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நாள் அது. அக்காவுக்கு மாத்திரை கொடுத்தேன். நான் கொடுக்கும் மாத்திரை ஒரு நாளும் தவறியதில்லை. அவள் சாதம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "வந்துதாடா?" என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன். சமையல் ஆகித் தட்டு மூடி மேஜை மேல் இருந்தது. அதை யாரும் பூட்டி வைக்கவில்லை, அவள் கையைப் பிடித்துத் தடுக்கவும் இல்லை. நீங்கள் அதையும் கவனிக்க வேண்டும்.

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். "கொஞ்சம் சாஞ்சுக்கறேன். வந்தாச் சொல்லு" என்று உள்ளே போய்ப் படுத்தாள். போர்வை வேண்டும் என்றாள், கொடுத்தேன். அந்த வெயிலில் போர்வை கேட்டாள். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தோட்டத்துக்குப் போய்த் தட்டில் தினை நிரப்பினேன். திரும்பி வந்தபோது மூச்சு கர் கர் என்று வந்தது. இன்னொரு தரம் வந்து பார்த்தபோது அதுவும் இல்லை. ரஞ்சனுக்குப் போன் செய்தேன். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொன்னேன், அது உண்மைதான். அவன் போனில் அழுதான். நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

செத்த காக்கையைக் கொட்டகையில் பார்த்தது சுப்ரியாதான், போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதும் அவள்தான். நல்ல பெண். இத்தனை கேட்ட நீங்கள், அன்று காக்கை வந்ததா என்று கேட்கவில்லை. ரஞ்சனும் கேட்கவில்லை.

வந்தது. கூரையில் தொங்கியது காய்ந்து வெறும் இறகாகிவிட்டிருந்ததால் பயம் விட்டுப்போயிருக்கும். ஒற்றைக் காக்கை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே கல்லின் மேல் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு வாய் எடுத்தது. அவசரப்படவில்லை. சத்தமும் போடவில்லை. நான் கொய்யாமரத்தடியில் நின்று அது தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் முதல் தரம் கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன்.

எலிகளை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.