சாகடிச்ச மனிசன்

வெள்ளவத்தையில் ஏறிய பஸ்ஸில், என் முன் இருக்கையில் இரண்டு பெண் சட்டத்தரணிகள் இருந்தார்கள். மடியில் கறுப்புக் கோட்டுகள். மூத்தவர் சொன்னார்:

“நான் சாகடிச்ச மனிசன் நேற்று ஒஃபிசுக்கு வந்தவர்.”

“ஆரக்கா?”

“கன வருசத்துக்கு முந்திக் காணாமல் போன கொட்டாஞ்சேனைக்காரர். அவர் செத்தவர் எண்டு கோர்ட்ஸில ஓடர் எடுத்துக் குடுத்தது நான்.”

“ஐயோ, வீட்டை மனிசியின்ர பேருக்கு எழுதினது நானெல்லோ! அவ மறுகலியாணமும் செய்திட்டா.”

“ஓம். நாங்கள் ஒருத்தரும் பிழை செய்யேல்லை.”

“இப்ப வழக்குப் போடப் போறாரோ?”

“இல்லை. வீட்டுக்குப் போனவராம். மகள் கதவைத் திறந்து, ‘ஆரைத் தேடுறீங்கள் அங்கிள்?’ எண்டு கேட்டாளாம்.”

“பிறகேன் உங்களிட்ட வந்தவர்?”

“தான் செத்ததெண்டு அந்தியேட்டிக் கிரியை எங்க செய்தவை எண்டு கேட்டார். முகத்துவாரக் கடற்கரையில எண்டு சொன்னன். கும்பிட்டிட்டு, அந்தப் பக்கம் போற பஸ்ஸில ஏறிட்டார்.”