ஒரு கொறையும் இல்ல

அதச் சொல்லுங்க. எம் மக, நாலு வயசுப் பிள்ளைய எம் மடியில போட்டுட்டு ரயில் ஏறிட்டா. அசாமாம். போய்ச் சேரவே நாலு நாளு ஆகுமாம். அங்கன காலேசுப் பிள்ளையளுக்குப் படம் போடச் சொல்லிக் குடுக்கணுமாம். ஏன், அசாம்ல ஆளே இல்லியா, கோவில்பட்டியில இருந்துதான் போகணுமா... கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, பேத்தி கால நீட்டிட்டா. புதூர்தான போறீங்க? நானும் புதூர்தான். நல்லதாப் போச்சு, பஸ்ஸுல பேச்சுத்தொணைக்கு ஆள் கெடச்சது.

எம் மக வினோலியா ஆர்ட்டிஸ்ட்டு. என்ன படம்னு கேட்டா எனக்குச் சரியாச் சொல்ல வராது. கோடையில பசுவந்தனப் பக்கம் கரிசக்காடு வெடிச்சுக் கெடக்கும்லா, அதுல ஈரத்துணிய விரிச்சு, முட்டி போட்டுத் தட்டித் தட்டி, அந்த வெடிப்ப அப்படியே துணியில எடுப்பா. வெயில்ல கொட பிடிச்சுட்டு நின்னது யாரு, நாந்தான். காட்டுக்காரர் மந்திரமூர்த்தி ஓடி வந்துட்டாரு. சோலார் கம்பெனிக்கு எடம் அளக்கோம்னு நெனச்சுட்டாரு மனுசன். இல்ல அண்ணாச்சி, வெடிப்பத்தான் எடுக்கோம்னேன். "வெடிப்பு மட்டும்னா பூராத்தையும் கொண்டு போங்க தாயி"ன்னுட்டாரு.

அந்தத் துணியக் கொச்சியில கண்காட்சி வச்சு செவுத்துல மாட்டுனா, சனம் செருப்பக் கழத்திட்டு வந்து பாக்கு. நல்லாருக்குன்னு சொல்லுது. சொல்லிட்டுப் போயிருது. யாராச்சும் வாங்குனாத்தான? அதான் ஊர் ஊராப் போயி வகுப்பு எடுக்கா. போன மாசம் ஐதராபாத்து, அதுக்கு முந்தி புனே. மருமகன் சாம்ராஜு டிராக்டர் ஒர்க்சாப்பு வச்சிருக்காரு. தங்கமான பிள்ள, ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. சொல்லிட்டாக்கூட எனக்கு நிம்மதி. காலையில அவரே பிள்ளைக்குச் சட பின்னுவாரு. ஒயர முறுக்குன மாதிரி இருக்கும். அவரு அங்கிட்டுப் போனதும் நா அவுத்துத் திருப்பிப் பின்னுவேன். இவ என்னன்னா, ரயில் சத்தம் கேட்டா "அம்மா"ங்கா.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அவ போகவே வேண்டாம்மா. பெங்களூர்ல ஒரு அறக்கட்டள இருக்கு. இப்படி ஆளுகளுக்கு ஒரு வருசம் மாசாமாசம் பணம் குடுக்கும், வீட்டுல இருந்தே வேலையப் பாருன்னு. போன வருசம் எழுதிப் போட்டா. கடைசியாத் தேறுன நாலு பேருல வந்துட்டா. நா மூணு வெள்ளிக்கெழம உபவாசம் இருந்தேன். கெடைக்கல. வசதி இல்லாதவங்களுக்குத்தான் முதலிடம்னு லெட்டர் வந்துச்சு. அவ திருப்பித் திருப்பிப் படிச்சா. "எம்மா, நாம எப்பம்மா வசதியானோம்?"னு கேட்டா. நா அடுப்படிக்குள்ள போயிட்டேன்.

ஏன்னு கேக்கீங்களா... கேக்கலையா. பரவால்ல, சொல்லுதேன். எறங்கிட்டா நீங்க யாரோ நா யாரோ.

அந்த ஆபீஸ்காரரு வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பாராம். அவ என் நம்பரக் குடுத்திருக்கா, சொல்ல மறந்துட்டா. நா அப்பதான் கோயில்ல இருந்து வாரேன். யாரோ ரொம்பத் தன்மையா, "குடும்பம் எப்படிம்மா, பணக்கஷ்டம் எதுவும் உண்டா"ன்னு கேக்காரு. நம்ம வாயில என்ன வரும்? "கர்த்தர் கிருபையால ஒரு கொறையும் இல்ல சார்"னேன். முப்பது வருசமா கோயில்ல எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லுத வாயி. வீட்டுல அரிசி இல்லாத அன்னைக்கும் அதத்தான் சொல்லிருக்கேன். அதோட நிறுத்துனேனா? மருமகனுக்குச் சொந்த ஒர்க்சாப்பு, மகன் ரூபஸு திருப்பூர்ல நல்லாருக்கான், எங்களுக்கு ஒரு தேவையும் இல்லன்னு... "ரொம்ப சந்தோஷம்மா"ன்னு வச்சுட்டாரு.

போன் வந்துச்சான்னு வினோலியா கேட்டா. வந்துச்சுன்னேன். என்ன சொன்னேன்னு அவ கேக்கல, நானும் சொல்லல. ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். அவரு மன்னிச்சிருப்பாரு. அவளப் பத்தித்தான் தெரியல.

இந்த வருசமும் எழுதிப் போட்டிருக்கா. இந்த வாரம் போன் வரும். ரயில் ஏறும்போதும் சொன்னா, "எம்மா, உள்ளத உள்ளபடி சொல்லு. கெடச்சா நா எங்கயும் போகல, பிள்ளகூடயே இருந்துருதேன்"னு. நானும் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாக்கேன். "கஷ்டம் இருக்கு சார்". கண்ணாடிகிட்ட வருது...

இந்தா, போன் அடிக்கி. எழுதி வச்சுட்டுப் போன அதே பெங்களூர் நம்பர்தான். யம்மா, நீங்க பேசுதீங்களா? வினோலியாவுக்கு அத்தன்னு சொல்லுங்க. நா பேசுனா நல்லாருக்கோம்னு வந்துரும்... எங்க எந்திரிக்கீங்க? புதூர்னுல்லா சொன்னீங்க, இது நாகலாபுரம். சரி, சரி. பாத்து எறங்குங்க.

அலோ... ஸ்தோத்திரம் சார். ஆமா, வினோலியா அம்மாதான். நல்லாருக்... இல்ல சார். கஷ்டந்தான். நெசமாத்தான் சொல்லுதேன். ஒர்க்சாப்புல வரது வாடகைக்கே சரியாப் போகுது. பிள்ள அம்மாவத் தேடி ஏங்கிப் போச்சு. ஆமா சார்... ஆமா...

அடடா, நீங்க ஏன் சார் வருத்தப்படுதீங்க? ஒங்களுக்கு ஒரு செரமமும் வேண்டாம். எங்கள கர்த்தர் பாத்துக்கிடுவாரு.